‘மாசம் எவ்வளவு குடுக்கிறீங்க?’

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாதான் இப்படிக் கேட்டார். சின்னவன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், அவனுடைய அக்கா முன் சீட்டில் ஜன்னலோரம். “ரெண்டு பேரையும் வச்சிருக்கீங்களா டீச்சர்? பொம்பளப் புள்ளைக்கு மாசம் எவ்வளவு குடுக்கிறீங்க?” கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. அவருடைய சொந்தக்காரப் பிள்ளை ஒன்று கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறதாம். அங்கே கொடுப்பது போதாதாம். சரியான ரேட் என்ன என்று தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வரவில்லை. மலையகத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் வராது. லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துப் பிள்ளை ஒன்று டவுன் வீட்டில் இருந்தால் எதற்கு இருக்கிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். “எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ப்போம், ஸ்கூலுக்கும் அனுப்புவோம்” என்று சொல்லித்தான் கூட்டிப்போவார்கள். நடுவில் ஒரு தரகர் இருப்பார். தகப்பன் கைக்குக் கொஞ்சம் முற்பணம் வரும். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் ஒருத்தி அப்படிப் போனாள். தீபாவளிக்கு வந்தபோது புதுச் சட்டை போட்டிருந்தாள். சோப்புத்தூளில் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நாங்கள் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்து கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தாள்.

2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தபோது மலையகமெங்கும் ஜனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். வேலைக்கு வைக்கும் குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டத் திருத்தம் அந்த வருடத் தொடக்கத்தில்தான் வந்திருந்தது. அதனால் ஒரு டீச்சர் வீட்டில் இரண்டு தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சம்பளம் கேட்பது நியாயமான கேள்விதான். இந்தப் பிள்ளைகள் நீதிமன்ற உத்தரவின்படி எங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பாதி நம்பினார். மீதியை நோர்வூட்டில் இறங்கும்போது ஒரு பார்வையில் வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளைகளின் பெயரையோ தோட்டத்தையோ எழுதப்போவதில்லை. பெரியவள், சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம். பெரியவள் என் வகுப்பில் படித்தவள். தாய் வெளிநாடு போனது 2022 பொருளாதார நெருக்கடியில். கோதுமை மாவின் விலை ஏறி, லயத்தில் ரொட்டியையே எண்ணிச் சுட்ட காலம் அது. அதற்கு முன்பு, 2013இல் வந்த விதிப்படி, ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. குடும்பப் பின்னணி அறிக்கை வாங்க வேண்டும், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டும். நெருக்கடி வந்ததும் அந்த வயதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். சின்னவனுக்கு அப்போது மூன்று. அம்மாயி, தாயைப் பெற்றவர், பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். தகப்பன் ஏற்கெனவே வேறு தோட்டத்தில் வேறு குடும்பத்தோடு இருந்தார்.

அம்மாயி செத்துப்போனதும் அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள்தான் மாறி மாறிச் சோறு போட்டார்கள். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆளாளுக்கு அரைவயிறாக இருந்தவர்கள் அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒருநாள் பட்டினி போடவில்லை. ஆனால் சோறு போடுவது வேறு, பொறுப்பெடுப்பது வேறு. கருமாதி முடிந்த கையோடு ஒரு தரகர் வந்து பெரியவளைப் பற்றி விசாரித்திருக்கிறார். அதைக் கேட்டுத்தான் லயத்தில் யாரோ 1929க்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிறகு பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வந்தார், நன்னடத்தை உத்தியோகத்தர் வந்தார், பாடசாலையில் என்னிடமும் விசாரித்தார்கள்.

அடுத்த கட்டம் சிறுவர் இல்லம். பெண் பிள்ளைகளுக்கு ஓர் இடம், ஆண் பிள்ளைகளுக்கு வேறோர் இடம். இரண்டுக்கும் நடுவில் பஸ் இரண்டு மாறவேண்டும். இலங்கை முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் பத்தாயிரம் பிள்ளைகள் அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டிகளில் கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்று இருக்கிறது. பிள்ளைக்கு முதலில் சொந்தக் குடும்பம், இல்லாவிட்டால் உறவினர், அப்புறம் வேறொரு குடும்பம், கடைசியில்தான் இல்லம் என்பதே அதன் வரிசை. நம் நாட்டின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும் 2019இல் வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்றாவது படியில் நிற்க ஆள் வேண்டுமே. எங்கள் மகன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதிலிருந்து ஓர் அறை சும்மா கிடந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ரெண்டு பேரும்னா சரி, ஒண்ணுன்னா வேண்டாம்” என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

இதற்கான சட்டம் பழையது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையை, விரும்பி முன்வரும் ‘தகுதியான ஆள்’ ஒருவரிடம் நீதவான் ஒப்படைக்கலாம். அவர் உறவினராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. தத்தெடுப்பது வேறு, அதற்கு 1941இலிருந்து தனிச் சட்டம். தத்து முடிந்தால் பெற்றவர்களின் உரிமை போய்விடும். எங்களுடையதில் பெற்றவள் பெற்றவளாகவே இருக்கிறாள். இன்னொரு குழப்பமும் உண்டு: ‘செவன சரண’ என்ற அரசுத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதாமாதம் காசு கட்டுபவரையும் வளர்ப்புப் பெற்றோர் என்றுதான் சொல்கிறார்கள், பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். எங்கள் சொந்தக்காரர்கள் பலர் நாங்கள் அதைத்தான் செய்கிறோம் என்று நினைத்து, “காசோட நிக்காம புள்ளைகளையே கூட்டிட்டு வந்துட்டாங்களே” என்று தலையிலடித்துக்கொண்டார்கள்.

பொலிஸ் அறிக்கை, கிராம சேவகர் சான்றிதழ், கலியாணப் பதிவு, சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை என்று எல்லாம் கேட்டார்கள். கேட்கட்டும். கேட்காமல் கொடுத்தால்தான் நான் பயப்படுவேன். எரிச்சல் வந்தது வேறு இடத்தில். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சிங்களம், தமிழ் இரண்டிலும் வேலை நடக்கவேண்டிய இருமொழிப் பிரிவுகள் என்று 1999இலேயே வர்த்தமானியில் போட்டாயிற்று. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். லயத்திலிருந்து வரும் ஒரு பெரியம்மாவோ சித்தியோ தன் தங்கச்சி பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க வந்தால் என்ன செய்வார்? பக்கத்துக் கடையில் காசு கொடுத்து நிரப்புவார், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போடுவார். உறவினரிடம் பிள்ளை போவதுதான் முதல் தெரிவு என்று கொள்கை எழுதிவிட்டு, அந்த உறவினருக்குப் புரியாத மொழியில் படிவம் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, பிள்ளைகள் வீட்டுக்கு வந்த கதைக்கு வருகிறேன்.

முதல் வாரம் விடிய ஐந்து மணிக்குக் குசினியில் சத்தம். போய்ப் பார்த்தால் பெரியவள் ராத்திரிப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தரையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். டிக்கோயாப் பக்கம் மார்கழிக் குளிர் எப்படியென்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், குழாய்த் தண்ணீர் பட்டால் கை மரத்துப்போகும். பிள்ளை வெறுங்காலோடு நிற்கிறது. கூட்டிய குப்பையைக் கதவு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள், எங்கே கொட்டுவது என்று கேட்கப் பயந்து. “ஏன்மா இந்நேரத்துக்கு?” என்றேன். விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “அம்மாயி சொல்லிச்சு டீச்சர். அடுத்தவங்க வீட்ல இருந்தா வேல செஞ்சாத்தான் வச்சுக்குவாங்கன்னு.”

அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த உலகத்தில் அதுதான் உண்மை. பேத்தியைக் காப்பாற்ற அவரிடம் இருந்த ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைப்பற்றி நன்னடத்தை உத்தியோகத்தர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். வேலையே செய்யாதே என்று தடுத்தால் பிள்ளை இன்னும் பயப்படும், தான் இங்கே எதற்கும் உதவாதவள் என்று நினைக்கும் என்றார். அவருடைய யோசனைப்படி குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டினோம். யாருக்கு என்ன வேலை என்று. இவருக்குப் பாத்திரம், எனக்குச் சமையல், பெரியவளுக்குத் தன் கட்டிலும் மேசையும், சின்னவனுக்குச் செருப்புகளை ஒழுங்காக வைப்பது. மகன் விடுமுறையில் வந்தபோது அவன் பெயரையும் சேர்த்தோம், கழிவறை கழுவ. அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் பெரியவள் எங்கள் வீட்டில் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தத் தாளில் இல்லாத சில விதிகளை நானாக வைத்துக்கொண்டேன். யார் வீட்டுக்கு வந்தாலும் தேத்தண்ணித் தட்டைப் பெரியவள் தூக்கிவரக் கூடாது. என் சொந்த மகளாக இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருப்பேன், அது மரியாதைதான். இவள் தட்டோடு வந்தால் வந்தவர் கண்ணில் அது வேறாகிவிடும், வந்தவர் கண்ணிலிருந்து அவள் கண்ணுக்கும் போய்விடும். அதனால் தேத்தண்ணி கொண்டுவருவது நான், இல்லாவிட்டால் இவர். சாப்பிடும்போது மேசையில் எல்லாரோடும் ஒன்றாக. தீபாவளிக்கு எங்கள் மகனுக்கு எடுத்த கடையிலேயே அவர்களுக்கும். விருந்தாளி தங்க வந்தால் அவர்கள் கட்டிலைக் கேட்பதில்லை, நாங்கள் ஹோலில் பாய் போட்டுக்கொள்வோம். இதெல்லாம் சின்ன விஷயம் என்று ஒரு சொந்தக்காரி சொன்னார். அவர் வீட்டில் பல வருடம் ஒரு பிள்ளை ‘மகள் மாதிரி’ இருந்தது, அது எங்கே படுத்தது என்று எனக்குத் தெரியும்.

அதே சொந்தக்காரிதான் “என்ன ஆளுங்க?” என்றும் கேட்டார். மலையகத்தில் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறோம். பிள்ளை எடுத்து வளர்த்துப் பாருங்கள், எத்தனை பேருக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று தெரியும். தெரியாது என்று சொன்னேன். உண்மையிலேயே கேட்டுப் பார்க்கவில்லை.

பெரியவள் காலையில் எழும்புவதை நிறுத்தப் பல மாதம் ஆனது. அலாரம் இல்லாமலே ஐந்து மணிக்கு எழும்பிய பிள்ளை, ஒருநாள் ஆறரைக்கும் போர்வைக்குள் கிடந்தது. இன்னொரு நாள் பருப்புக் கழுவித் தரமுடியுமா என்று கேட்டேன், “ஏலாது, ஹோம்வர்க் இருக்கு” என்றாள், தலையை நிமிர்த்தாமல். நானும் இவரும் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பருப்பை அவர் கழுவினார்.

சின்னவனைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. அவன் வந்த இரண்டாம் நாளே வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். தலையணைக்குக் கீழே பிஸ்கட் ஒளித்து வைப்பான், எறும்பு வரும். அலுமாரியில் அவனுக்கென்று ஒரு டப்பா கொடுத்து, அது ஒருபோதும் காலியாகாமல் பார்த்துக்கொண்டோம். மெல்ல நின்றது.

தாய் விஷயம்தான் கனமானது. நாங்கள் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கும்போது அவளிடமிருந்து தகவலே இல்லை. தன்னைப் பெற்ற அம்மாயி செத்ததுகூட அவளுக்குத் தெரியாது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள், வேறொரு பெண்ணின் போனிலிருந்து ஐ.எம்.ஓ. வீடியோ அழைப்பில் வந்தாள். வேலை செய்த வீட்டில் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம். சின்னவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. திரையைப் பார்த்துவிட்டு என் பின்னால் ஒளிந்தான். பெரியவள் ஒரு வார்த்தை பேசவில்லை, போய்த் தன் தேர்ச்சி அறிக்கைப் புத்தகத்தை எடுத்து வந்து பக்கம் பக்கமாகக் கெமராவுக்குக் காட்டினாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளைகள் போன பிறகு தாய் என்னிடம் கேட்டாள்: “டீச்சர், எழுதி எடுத்துக்க மாட்டீங்கதானே?”

நாங்கள் தத்தாக எழுதி எடுத்துக்கொள்வோமோ என்ற அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனார்கள். பெற்றவளின் இடத்தில் வேறொருத்தியைத் தாயாக நிறுத்திக் கையெழுத்து வாங்கியதும், ஏழைத் தாய்மாரிடம் பொய் சொல்லி வாங்கியதும் பின்னாளில் வெளியே வந்தன. 1992இல் சட்டத்தை இறுக்கினார்கள். தோட்டப் பக்கத்தில் அந்தக் கதைகள் இன்னும் காதோடு காதாக ஓடுகின்றன. படித்தவர்கள் பிள்ளையைக் கேட்டு வந்தால் ஒன்று வேலைக்கு, இல்லாவிட்டால் விற்பதற்கு. இந்த இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று ஒரு தாய் நம்புவதற்கு நாங்கள் என்னத்தைக் காட்டமுடியும்? உத்தரவின் போட்டோவை அனுப்பினேன். அதுவும் சிங்களம். ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் குரல் பதிவு போட்டேன். அடுத்த அழைப்பில் அவள் டீச்சர் என்பதை விட்டுவிட்டு “அக்கா” என்றாள். தாய்க்கு அக்கா என்றால் பிள்ளைகளுக்குப் பெரியம்மா. அன்றிலிருந்து நான் பெரியம்மா, இவர் பெரியப்பா. எங்களை என்னவென்று கூப்பிடுவது என்று அதுவரை தடுமாறிய பெரியவளுக்கு ஒரே நாளில் பிரச்சினை தீர்ந்தது. பாடசாலையில் மட்டும் இன்னும் டீச்சர்தான், அதில் கறார்.

என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அன்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சொந்தப் பிள்ளை மாதிரி பாசம் வருமா என்று. வருகிறது, அது ஒரு கஷ்டமில்லை. இன்னொருத்தியின் பிள்ளையை, அவள் திரும்பி வரும்வரைக்கும் அவளுடைய பிள்ளையாகவே வைத்திருப்பதுதான் கஷ்டம். சின்னவன் ஒருதரம் என்னை “அம்மா” என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி தாயின் படத்தைப் பெரிதாகக் கழுவி அவன் கட்டில் தலைமாட்டில் ஒட்டவேண்டும் என்று இவரிடம் சொன்னேன். அம்மாயியின் படம் ஒன்றும் கிடைத்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது, கோபமாக முறைத்துக்கொண்டிருப்பார். அதையும் ஒட்டினோம்.

ஒப்பந்தம் முடிந்து தாய் போன வருடக் கடைசியில் வந்துவிட்டாள். இப்போது தோட்டத்தில் மறுபடி பெயர் பதிந்து கொழுந்தெடுக்கிறாள். லயக் காம்பராவில் அவளுடைய தம்பி குடும்பம் இருக்கிறது, அதனால் உடனே பிள்ளைகளைக் கூட்டிப்போக இடமில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து தொப்பலாக நனைந்து வருவாள். ஞாயிறு பிள்ளைகளோடு கோயிலுக்குப் போவாள், இல்லாவிட்டால் மூன்று பேரும் சும்மா படுத்துக் கிடப்பார்கள். ஆரம்பத்தில் வந்ததும் வராததுமாக எங்கள் குசினியில் நுழைந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தாளைக் காட்டியது பெரியவள்தான். “அம்மா, ஒங்க பேரு இதில இல்ல.”

சின்னவன் தாயிடம் போகத் தயார். தாயின் தம்பி மகனோடு கிரிக்கெட் விளையாட லயத்து வாசல் வசதி. பெரியவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று தாய் சொல்கிறாள். பிரிக்கக்கூடாது என்பதற்காகத்தானே இரண்டு பேரையும் எடுத்தோம் என்று எனக்கு உறுத்துகிறது. இவரோ, “தாய் முடிவெடுக்கிறா, அதுக்குத்தானே இவ்வளவு நாளும் பார்த்தோம்” என்கிறார். இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது. முடிவு எப்படியும் நீதவானுடையது.

அடுத்த மாதம் வழக்கு. இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளையின் விருப்பத்தையும் நீதவான் கேட்கலாம் என்று நன்னடத்தை உத்தியோகத்தர் சொன்னதிலிருந்து பெரியவள் கொப்பித் தாளில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள். தாய் கேட்டுப் பார்த்தாள், நானும் கேட்டேன். “அது நீதவான் ஐயாவுக்கு மட்டும்” என்று தாளை மடித்துக் கணிதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். சின்னவன் மட்டும் அதில் ஒரு வரி தனக்கும் வேண்டும் என்று தினமும் சண்டை பிடிக்கிறான். கிரிக்கெட் மட்டை ஒன்று வாங்கித் தரச் சொல்லி எழுதவேண்டுமாம்.